கெப்பாசிட்டரில் ஏன் 440?

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரில் சம்ப்பு (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) இருக்கிற வீட்டில் மோட்டாரும் இருக்கும். அது சுற்றாமல் 'உம்ம்' என்று முனகினால் எல்லாருக்கும் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர் மேல்தான், அதாவது மின்சாரத்தைச் சேர்த்து வைத்து விடும் அந்தச் சின்ன டப்பா மேல்தான். கழற்றிப் பார்ப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "அண்ணா, வீட்டுக்கு வர்றது 230 வோல்ட். இதுல 440ன்னு போட்டிருக்கே, த்ரீ ஃபேஸுக்கானதா? 250 வோல்ட் போட்டா ஆகாதா?"

ஆகாது. சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் ரன்னிங் காயில், ஸ்டார்ட்டிங் காயில் என்று இரண்டு உண்டு. கெப்பாசிட்டர் ஸ்டார்ட்டிங் காயிலோடு சீரியஸில் இருக்கிறது. மோட்டார் வேகம் பிடித்ததும் அந்தக் காயிலிலும் ஒரு வோல்டேஜ் உண்டாகிறது. ஆனால் அது லைன் வோல்டேஜோடு ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதில்லை, ஏறக்குறைய கால் சுற்று விலகி நிற்கும். அதனால் நேராகக் கூட்டவோ கழிக்கவோ முடியாது. பள்ளியில் படித்த செங்கோண முக்கோணத்தை வரைந்துகொள்ளுங்கள். லைனின் 230 ஒரு பக்கம், காயிலின் வோல்டேஜ் இன்னொரு பக்கம், கெப்பாசிட்டருக்கு வருவது கர்ணம். காயிலிலும் 230 என்றே வைத்தால் கர்ணம் 325. காயிலில் 253 இருந்தால் 342. லோடு குறைந்தால் இன்னும் ஏறலாம். 250 வோல்ட் டப்பா எத்தனை நாள் தாங்கும், சொல்லுங்கள்?

ஆக, 440 என்பது கெப்பாசிட்டர் தாங்கும் எல்லை. பழையதைவிட வோல்ட் கூடுதலாக வாங்கலாம், குறைவாகக் கூடாது. டப்பாவின் கொள்ளளவைச் சொல்லும் மைக்ரோ ஃபாரட் மட்டும் மாறக் கூடாது. கூட்டிப் போட்டால் பம்ப் வேகமாக ஓடும் என்று ஒரு நம்பிக்கை ஊரில் உலவுகிறது. காயில்தான் சூடாகும்.

சில டப்பாக்களில் 400 வோல்ட் பி, 450 வோல்ட் சி என்று இரண்டு எழுதியிருக்கும். அவை ஆயுள் வகுப்புகள்: பி என்றால் 10,000 மணி நேரம், சி என்றால் 3,000. அதே டப்பாவை அதிக வோல்டேஜில் ஓட்டினால் ஆயுள் குறையும், அவ்வளவுதான் சங்கதி.

இதுவரை சொன்னது மோட்டார் ஓடும்வரை இணைப்பிலேயே இருக்கும் ரன் கெப்பாசிட்டர். கிளப்பிவிட மட்டும் உதவும் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் வேறு சாதி. மைக்ரோ ஃபாரட் அதிகம், வோல்ட் குறைவு; சில நொடி வேலைக்கானது. மோட்டார் முக்கால் வேகம் பிடித்ததும் சுழலும் வேகத்தால் தானே திறக்கும் சென்ட்ரிஃப்யூகல் ஸ்விட்ச் அதைக் கழற்றிவிட வேண்டும். அந்த ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டால் கெப்பாசிட்டர் உப்பி வெடிக்கும். புதிது போட்டாலும் அதே கதிதான். ஒன்றுக்கு மேல் வெடித்திருந்தால் கெப்பாசிட்டர் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் ஸ்விட்சைப் பார்க்கச் சொல்லுங்கள்.

யாரிடம் கேட்பது? அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கம் பொதுத்துறை ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் இருக்கிறார்கள்; வீட்டு வராந்தாவில் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கேட்டால் சலிக்காமல் சொல்வார்கள். ஆனால் "மோட்டார் ஓடலை அங்கிள்" என்று மட்டும் போய் நின்றால் அவர்தான் என்ன செய்வார்? மோட்டாரின் நேம்பிளேட்டைப் போட்டோ எடுங்கள். டப்பாவின் எல்லாப் பக்கத்தையும் எடுங்கள். வயர் கழற்றுமுன் எது எங்கே இருந்தது என்பதையும் எடுங்கள். முனகுகிறதா, சத்தமே இல்லையா என்றும் சொல்லுங்கள். எஸ்.பி. ரோட்டுக் கடைக்குப் போவதானாலும் பழைய டப்பா கையில் இருக்கட்டும்.

கழற்றும்போது மெயினை அணைத்தாலும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்கவிடும் பழக்கம் வேண்டாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப்பால் இரண்டு முனையிலும் மாட்டி, சில நொடி விட்டு, மீட்டரில் வோல்டேஜ் பூஜ்யம் என்று பார்த்த பிறகே தொடுங்கள். ஓடுகிற மோட்டாரில் அந்த 342-ஐ அளந்து பார்க்கும் ஆசை வந்தால், மீட்டரைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். வணக்கம்.