கதவைப் புடிச்சுட்டு நின்ன புள்ளைங்க
(வியாசர்பாடி பெற்றோர் கூட்டத்துல ஒரு அம்மா பேசுனது)

எல்லாருக்கும் வணக்கம். வேலை முடிச்சு அப்டியே வந்து உக்காந்திருக்கீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வரேன்.

சட்டமன்றத்துல பள்ளிக்கல்வி மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறை தன் செலவுக்குப் பணம் கேட்டு சபையோட ஒப்புதலுக்கு வர்ற அன்னிக்கு டிவில நாம என்ன பாக்குறோம், யார் வெளிநடப்பு பண்ணாங்க, யார் யாரைத் திட்டுனாங்க, அவ்ளோதான். 2025-26 பட்ஜெட்ல பள்ளிக்கல்விக்கு 46,767 கோடி. பெருசாத்தான் இருக்கு, ஆனா அதுல பெரும்பகுதி சம்பளம். அது குடுத்தே ஆகணும், டீச்சர் இல்லாம ஸ்கூல் ஏது. நான் சொல்ல வந்தது சின்ன காசைப் பத்தி.

சமக்ர சிக்‌ஷா திட்டத்துல, ஒன்றிய அரசும் மாநிலமும் சேந்து ஸ்கூலுக்குப் பணம் போடுற திட்டம் அது, வருஷத்துக்கு ஒருதரம் பள்ளி மானியம்னு ஒண்ணு உண்டு, 100க்கு மேல 250 வரைக்கும் புள்ளைங்க இருந்தா 50,000 ரூபா. மாசத்துக்கு நாலாயிரம் சொச்சம், சாக்பீஸ் பினாயில் ரிப்பேர் எல்லாம் அதுல பாக்கணும். அந்தத் திட்டத்துல ஒன்றிய அரசு பங்கு நூத்துக்கு 60, நம்ம மாநிலம் 40. 2024-25க்கு வர வேண்டிய 2,152 கோடிய பி.எம். ஸ்ரீங்கற ஒன்றிய அரசோட மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்துல நம்ம மாநிலம் கையெழுத்துப் போடலன்னு நிறுத்தி வெச்சாங்க.

மேல நடக்குற சண்டை கீழ எங்க வந்து விழுதுன்னு நான் பாத்தேன். என் பொண்ணு படிச்ச ஸ்கூல்ல பொண்ணுங்க பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவைப் புடிச்சுட்டு நிக்கணும். எம் பொண்ணு தண்ணியே குடிக்காது, காலைல நான் ரொப்பிக் குடுத்த பாட்டில் சாயங்காலம் அப்டியே திரும்பி வரும். ஹெச்.எம். அம்மாவக் கேட்டா பணம் இன்னும் வரலம்மான்னாங்க, கடைசில அவங்க கைக்காசு போட்டுத்தான் மாட்டுனாங்க.

இது புதுசும் இல்லங்க. 1920ல நீதிக்கட்சி பிட்டி தியாகராயர் நம்ம சென்னை மாநகராட்சிக்குத் தலைவரா இருந்தப்போ மன்றத்துல ஆயிரம் விளக்கு ஸ்கூல் புள்ளைங்களுக்கு மதியம் டிபன்னு தீர்மானம் போட்டாங்க, தலைக்கு ஒரு அணாவத் தாண்டக் கூடாதுன்னு. அப்புறம் வெள்ளைக்காரன் அரசாங்கம் தொடக்கக் கல்வி நிதிலேர்ந்து அதை எடுக்கக் கூடாதுன்னுச்சு, திட்டம் நின்னு போச்சு. எந்தக் கணக்குல எழுதுறதுங்கற தகராறுல புள்ளைங்க தட்டு காலியாச்சு.

அதனால உங்க எம்.எல்.ஏ. தெருப்பக்கம் வந்தா ரோடு, தண்ணியோட இதையும் கேளுங்க, மானியக் கோரிக்கை அன்னிக்கு சபைல என்ன பேசுனீங்கய்யான்னு. வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழு கூட்டம் இருக்கு, வரவு செலவு நோட்டை மேஜைமேல வெக்கச் சொல்லியிருக்கேன், ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுட்டு வந்துடுங்க.