ஒன்பது தெய்வங்களும் ஒரு முறை நோட்டும்

நேயர்களுக்கு வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காட்டு வேலையிலும் அடுப்படியிலும் கடையிலும் இருந்தபடி கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். அதோடு, இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்காக ஒரு கற்பனை உலகத்துக் கதையை எழுதிவருகிறேன். அந்த உலகத்தில் ஒரு பெரிய ஆறு, ஐந்து நாடு, ஒன்பது தெய்வம். ஒன்பது தெய்வங்களுக்கும் சேர்த்து ஒரே சமய அமைப்பு. அதை யார் நடத்துவது, எப்படி நடத்துவது? இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன்.

முதலில் நான் அமைத்தது இப்படி. தலைநகரில் ஒரு பெரிய குரு. அவருக்குக் கீழே தெய்வத்துக்கு ஒன்றாக ஒன்பது துறை. மழைக்கு ஒன்று, போருக்கு ஒன்று, விளைச்சலுக்கு ஒன்று. குடிமக்கள் ஒவ்வொருவரும் ஒன்பதில் ஒரு தெய்வத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். மேல்நாட்டு மிகுபுனைவுகளில் இந்த வழி நிறைய உண்டு. 1974-ல் அமெரிக்காவில் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து ஆடும் ஆட்டத்தில் தொடக்கத்திலேயே இருந்த மூன்று வகைப் பாத்திரங்களில் பூசாரியும் ஒருவர். பின்னால் அந்தப் பூசாரி தனக்கென ஒரு தெய்வத்தை வரித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பூசாரிக்கு அது சரி. ஊர் முழுக்க அப்படி இருக்குமா?

எழுதிப் பார்த்தால் கதை நகரவில்லை. போர்த் தெய்வத்தின் ஆள் கேழ்வரகு விதைக்கிற அன்றைக்கு மழைக்கு எங்கே போவான்? நம்மில் யாராவது "நான் மாரியம்மன் பக்கம், பெருமாள் எனக்கில்லை" என்று சொல்கிறோமா? ஆடியில் கூழ் ஊற்றுகிறோம், புரட்டாசியில் தளிகை போடுகிறோம், கார்த்திகையில் மாலை போட்டுக்கொள்கிறோம், பிள்ளைக்கு மொட்டை அடிக்கக் குலதெய்வத்தைத் தேடிப் போகிறோம். எல்லாம் ஒரே வீடு. பூசாரி ஒரு தெய்வத்துக்கு உரியவர். கும்பிடுகிறவர் எல்லாத் தெய்வத்துக்கும் உரியவர். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கண்ணைத் திறந்தது என் தாத்தாவின் முறை நோட்டு, கோயில் காரியத்தில் யாருக்கு எப்போது என்ன முறை என்று எழுதிவைத்த நோட்டு. எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். மாரியம்மன் கரகம் ஊரைச் சுற்றி வரும் பாதையில் ஒரு வேடியப்பன் கல் இருக்கிறது. மாட்டை மீட்கப் போய் உயிர்விட்ட வீரனுக்கு நட்ட கல்லை வேடியப்பன் என்று கும்பிடுவது நம் பக்கத்து வழக்கம், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரகம் அந்தக் கல்லை நெருங்கும்போது பம்பை நிற்க வேண்டும். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, சத்தமில்லாமல் தாண்டிப்போய், புளியமரத்துக்கு அந்தப் பக்கம்தான் மறுபடி அடிக்க வேண்டும்.

எனக்குப் பத்து வயசு இருக்கும். அந்த வருஷம் வெளியூர்ப் பம்பைக்காரர்கள். அவர்களுக்கு இது தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. நல்ல வேகத்தில் அடித்துக்கொண்டே கல்லைத் தாண்டிவிட்டார்கள். கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. யாரும் கத்தவில்லை. கரகம் எடுத்தவர் தலையில் கரகத்தோடு அசையாமல் நிற்கிறார். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். என் தாத்தா லாந்தர் வெளிச்சத்தில் அந்த நீளமான நோட்டைப் பிரித்துப் பார்த்தார். கடைசியில் கரகத்தோடு எல்லாரும் ஓடைக்கரை வரைக்கும் திரும்பிப் போய், அங்கிருந்து புதிதாகப் புறப்பட்டு வந்தோம். இந்தத் தடவை பம்பை நின்றது. தேங்காய் உடைந்தது. கோயில் போய்ச் சேரும்போது கோழி கூவிவிட்டது.

நடந்த அலுப்பில் தாத்தாவைக் கேட்டேன்: "தாத்தா, மாரியம்மா பெருசா, வேடியப்பன் பெருசா?"

"அது எதுக்குடா நமக்கு? யாரு எல்லை எதுன்னு தெரிஞ்சா போதும்" என்றார்.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் எந்தத் தெய்வம் பெரியது என்று ஒரு வரிகூட இல்லை. எந்தப் பங்காளி எந்த வருஷம் விளக்கெண்ணெய் தர வேண்டும், தீப்பந்தம் எந்தத் தெரு, தலைக்கட்டு வரி எவ்வளவு, முதல் திருநீறு யாருக்கு, காப்புக் கட்டிய பிறகு யார் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, இவைதான் பக்கம் பக்கமாக. நாள், எல்லை, பங்கு. பல தெய்வ சமயத்தைக் கட்டிவைப்பது இந்த மூன்றும்தான் என்பது என் திடமான நம்பிக்கை. கொள்கை விளக்கம் அப்புறம் வரட்டும். முதலில் நாள், எல்லை, பங்கு.

வரலாற்றிலும் இதைத்தான் பார்க்கிறேன். எகிப்தில் கோயில் ஊழியம் செய்தவர்கள் பிரிவு பிரிவாக இருந்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒரு மாதம் முறை. முறை முடிந்தால் வீட்டுக்குப் போய்த் தன் பிழைப்பைப் பார்க்கலாம். நான்கு பிரிவாக இருந்ததைக் கி.மு. 238-ல் ஐந்தாக்கினார்கள். நம் ஊர் முறைக்காரர்களுக்கு இது உடனே புரியும்.

ரோமில் தலைமைக் குரு இருந்தார். ஆனால் எதை நம்ப வேண்டும் என்று அவர் யாருக்கும் உத்தரவு போடவில்லை. அவருடைய குழுவின் கையில் இருந்தது பஞ்சாங்கம். வருஷம் பருவத்தோடு ஒத்துப்போக எப்போது கூடுதல் மாதம் சேர்ப்பது என்பதை அந்தக் குழுதான் முடிவு செய்யும். சேர்க்காமல் விட்டதால் நாள்கணக்கு கலைந்து, கடைசியில் ஜூலியஸ் சீசர் அதைச் சரிசெய்தபோது கி.மு. 46-ஆம் வருஷத்துக்கு 445 நாள்! சீசரே அப்போது தலைமைக் குரு. நாள் யார் கையிலோ, கோயில் அவர் கையில்.

அதே ரோமில், தெய்வத்துக்கு ஒருவராகப் பதினைந்து தனிப் பூசாரிகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஃபுர்ரினா என்ற பெண் தெய்வத்துக்கு உரியவர். கி.மு. முதல் நூற்றாண்டில் வார்ரோ என்ற அறிஞர், அந்தத் தெய்வத்தின் பெயர்கூட இப்போது சிலருக்குத்தான் தெரியும் என்று எழுதிவைத்திருக்கிறார். தெய்வத்தை ஊர் மறந்துவிட்டது, திருவிழா நாள் மட்டும் பஞ்சாங்கத்தில் நிற்கிறது. கதை எழுதுகிற பிள்ளைகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். யாருக்கென்று தெரியாத ஒரு கோயிலில் தினமும் விளக்கேற்றுகிற பூசாரி! என் கதையின் ஒன்பதாவது தெய்வம் அப்படித்தான் பிறந்தது.

மேலிருந்து கட்டிப் பார்த்தவரும் உண்டு. கி.பி. 361 முதல் 363 வரை ஆண்ட ஜூலியன் என்ற ரோமப் பேரரசர், பழைய தெய்வங்களுக்கு மாகாணம்தோறும் தலைமைப் பூசாரிகளை வைத்தார். அவருடையதாகக் கிடைக்கும் ஒரு கடிதத்தில், ஊர்தோறும் சத்திரம் கட்டுங்கள், கிறிஸ்தவர்கள் நம் ஏழைகளுக்கும் சேர்த்துச் சோறு போடுகிறார்களே என்று வருந்துகிறார். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். சத்திரமும் நல்லதுதான். ஆனால் அவர் பாரசீகப் போரில் இறந்ததோடு அந்த அமைப்பும் போயிற்று. என் தாத்தா இறந்த வருஷம் எங்கள் ஊரில் கரகம் நிற்கவில்லை. எண்ணெய் முறைக்காரர் எண்ணெயோடு வந்துவிட்டார்.

அதனால் என் கதையில் பெரிய குருவை எடுத்துவிட்டேன். இப்போது ஆற்றங்கரையில் ஒரு மண்டபம். ஒன்பது பூசாரிகளும் வருஷத்துக்கு ஒருமுறை அங்கே கூடி அடுத்த வருஷத்து நாள்களைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மூன்று நாள் பேச்சு. கதையில் வருகிற எல்லாச் சண்டையும் அங்கேதான் முளைக்கிறது. ஒரே நாளைப் போர்த் தெய்வமும் விளைச்சல் தெய்வமும் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் இருக்கிறதாம். ஜப்பானைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 927-ல் அங்கே அரசாங்கம் முடித்த சட்டத் தொகுப்பில் 3,132 தெய்வங்கள் பட்டியலில் இருக்கின்றன. பழைய கணக்கில் பத்தாம் மாதம் எல்லாத் தெய்வமும் இசுமோ என்ற ஊரில் கூடுவதாக நம்பிக்கை. மற்ற ஊர்களில் அது தெய்வமில்லாத மாதம். இசுமோவில் மட்டும் தெய்வமுள்ள மாதம்!

இன்னொன்று, முக்கியமானது. கற்பனை உலகத்தில் தெய்வம் நிஜமாகவே பேசும். இரண்டு தெய்வம் இரண்டு விதமாகச் சொன்னால்? ரோமில் சிபில் ஏடுகள் என்ற தெய்வ வாக்கு ஏடுகளை, செனட் என்ற ஆட்சி மன்றம் சொன்னால்தான் பிரிக்கலாம். நாம் பூ வைத்துக் கேட்கிறோம். என் கதையில் அதற்கு ஒரு கிழவியை வைத்திருக்கிறேன், எந்தத் தெய்வத்துக்கும் பூசாரி இல்லாதவள். அவளைப் பற்றிச் சொல்ல இன்றைக்கு நேரமில்லை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய முறை நோட்டு ஏதாவது இருந்தால், இந்தத் தை வருவதற்குள் எடுத்துத் தூசி தட்டி, ஒரு படி எழுதி வையுங்கள். வணக்கம்.