ஏழு கோர்டுக்கு ஏழு ஸ்கேல் வேண்டாம்

[திரை: கிட்டாரோடு நான்]

வணக்கம். அட்டனில் மழை பிடித்துக்கொண்டது, தகரக் கூரைச் சத்தமும் சேர்ந்துதான் பதிவாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். சர்ச் கொயரிலும் திருவிழா மேடையிலும் வாசிக்கிற நம் பிள்ளைகள் கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) நன்றாகப் பிடிப்பார்கள், ஆனால் சோலோ, அதாவது தனியாக மெட்டு வாசி என்றதும் கை நின்றுவிடும், ஏனென்றால் கோர்டுக்கு ஒரு ஸ்கேல் (ஸ்வர வரிசை) மனப்பாடம் செய் என்று யாராவது சொல்லி வைத்திருப்பார்கள்.

ஜோசப் கோஸ்மா மெட்டமைத்த, ஜாஸ்காரர்கள் நிறைய வாசிக்கிற 'ஆட்டம் லீவ்ஸ்' (Autumn Leaves) பாட்டை எடுப்போம். மொத்தம் 32 பார், ஒரு பார் என்றால் நான்கு அடி. பலர் ஜி மைனரில் வாசிப்பார்கள், நாம் ஈ மைனரில் பார்ப்போம்.

[திரை: ஏ மைனர் 7 – டி 7 – ஜி மேஜர் 7 – சி மேஜர் 7 – எஃப் ஷார்ப் மைனர் 7 ஃப்ளாட் 5 – பி 7 – ஈ மைனர்]

முதல் மூன்றும் ஜி மேஜருக்குப் போய்ச் சேர்கின்றன, கடைசி மூன்றும் ஈ மைனருக்கு. நடுவில் சி. ஜி மேஜருக்கும் ஈ மைனருக்கும் ஒரே ஏழு ஸ்வரங்கள்தான், அதனால் ஆறு கோர்டுகளுக்கு அதுவே போதும். பி 7 மட்டும் டி-க்குப் பதிலாக அரை ஸ்வரம் மேலே உள்ள டி ஷார்ப்பைக் கேட்கும். ஈயை ஸ-வாக வைத்தால் நடபைரவி ராகம் கீரவாணியாக மாறுகிற இடம் அது, கைசிகி நிஷாதம் (தாழ்ந்த நி) போய்க் காகலி நிஷாதம் (உயர்ந்த நி) வருகிறது. ராக இலக்கணம் தெரிந்தவர்கள் கோபிக்க வேண்டாம், ஸ்வரங்களை மட்டும்தான் சொல்கிறேன்! கீரவாணியில் எத்தனை சினிமாப் பாட்டு கேட்டிருப்போம், காதுக்கு அது புதிதில்லை.

அப்புறம், எனக்குப் பிடித்த பகுதி. ஒவ்வொரு கோர்டிலும், அதன் பெயரில் உள்ள ஸ்வரத்திலிருந்து எண்ணினால், மூன்றாம் ஸ்வரமும் ஏழாம் ஸ்வரமும்தான் அதன் குணத்தைக் காட்டும். ஏ மைனரின் மூன்றாவது சி, அதுவே டி 7இல் ஏழாவதாக அப்படியே நிற்கிறது, ஜி வந்ததும் அரை ஸ்வரம் இறங்கி பி ஆகிறது.

[திரை: சி, சி, பி, பி, ஏ, ஏ, ஜி. மெதுவாக வாசிக்கிறேன்]

பேஸ், அதாவது கோர்டின் அடி ஸ்வரம், அங்கும் இங்கும் தாவுகிறது, இந்த வரியோ படிப்படியாக இறங்குகிறது, துணைக்கு யாரும் வாசிக்காவிட்டாலும் கோர்ட் மாறுவது கேட்கும்.

பிற்பாதியில் இதே இரண்டு குழுக்கள் இடம் மாறி வரும், முதலில் ஈ மைனர், அடுத்து ஜி. கடைசி வரியில் சில கோர்டுகள் அரை அரை ஸ்வரமாக இறங்கும், அதை இப்போதைக்கு விடுங்கள்.

சரி, மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வையுங்கள். ஒவ்வொரு பாரின் முதல் அடியிலும் அந்த வரியின் ஸ்வரத்தில் வந்து நில்லுங்கள், மற்ற மூன்று அடியும் உங்கள் இஷ்டம். பி 7இல் டி ஷார்ப்பைத் தேடிப் பிடியுங்கள். தவறி டி வாசித்தாலும் ஜாஸ்காரர்கள் அதற்கும் ஷார்ப் நைன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அது அடுத்த வீடியோவில்.