மாசிப்பனியும் மல்லிகைப் பந்தலும்

வணக்கம் நேயர்களே. தை மாசத்தில பூந்தோட்டத்துக்கு என்ன வேலை, மழை இப்பதானே விட்டது, கண்டெல்லாம் பச்சைப்பசேலெண்டு நிக்குது எண்டு கனபேர் கேக்கிறவை. நான் சொல்லுறன், வன்னியில பூங்கண்டு வைச்சிருக்கிற ஆளுக்கு வருசத்தில பெரிய வேலை இப்பதான். இரணமடுக் குளத்து வான்கதவு பூட்டி, வாடைக்காத்து அடங்கி, மண் இன்னும் ஈரமாக் கிடக்கிற இந்தக் கொஞ்ச நாள்தான் எங்களுக்கு வாய்ச்ச காலம். இதை விட்டியளெண்டா பிறகு சோளகக் காத்து அடிக்கேக்க மோட்டரைப் போட்டுப் போட்டு ஊத்தினாலும் கண்டு வாடிக்கொண்டுதான் நிக்கும்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில இளவேனில் எண்டா சித்திரை, வைகாசி. எங்கட பக்கம் சித்திரையில வெயில் மண்டையைப் பிளக்கும். இங்க பூ துவங்கிறது தை கடைசியில. நம்பாட்டி வேலியைப் பாருங்கோ, ஆட்டுக்குக் குழை வெட்டாம விட்ட கிளிசரியா மரம் இலையைக் கொட்டிப்போட்டு தடியெல்லாம் இளஞ்சிவப்பாப் பூத்து நிக்கும், தேனீ இரைஞ்சுகொண்டு திரியும். ஓயாமக் குழை வெட்டின மரத்தில அந்தப் பூ இல்லை. முள்முருக்கும் அப்பிடித்தான், இலையே இல்லாம ஒரே சிவப்பு. மாவும் முருங்கையும் பூத்திட்டுது. வேம்பு பங்குனியில வரும்.

சரி, வெட்டுற கதைக்கு வாறன். மல்லிகை புதுத் துளிர்லதான் மொட்டு வைக்கும், பழைய கொப்பில இல்லை. அதால இப்ப, ஈரம் இருக்கேக்க, முழங்கால் உயரத்துக்கு வெட்டி, காய்ஞ்ச கொப்பை எடுத்து, மிச்ச இலையையும் உருவி விட்டு, அடியில மாட்டெரு போடோணும். பங்குனி கடைசி, சித்திரையில பூ வரும். இதைச் சொன்னா ஒருத்தரும் கேக்கிறேல்ல.

எங்கட பக்கத்து வளவில ஒரு ஆச்சி இருந்தவ. 2010இல மீளக்குடியேறி வரேக்க அவவின்ர வளவில கிணறும் பத்தையும்தான், அந்த நேரமே எங்கயோ இருந்து ஒரு மல்லிகைத் தடி கொண்டுவந்து நட்டு, பந்தல் போட்டு வளர்த்தவ. பந்தல் முழுக்க இலை, பூ எண்டா நாலைஞ்சு. வெட்டுங்கோ ஆச்சி எண்டா, "பூக்கிற கொடியில கத்தி வைக்கிறது பாவம் மோனை" எண்டு வாயை அடைச்சுப் போடுவா. ஒரு மாசி மாசம், சிவராத்திரிக்கு ஆச்சி கோயிலுக்குப் போன நேரம், வேலிப் பொட்டுக்குள்ளால ரெண்டு ஆடு பூந்து, எட்டின மட்டும் மேய்ஞ்சு, பந்தலையும் சாய்ச்சு, சரிஞ்சு விழுந்த கொடியையும் ஒட்டத் தின்டுட்டுது. மிஞ்சினது கட்டைதான். ஆச்சி ஆட்டுக்காரரை ஏசின ஏச்சு ஒழுங்கை முழுக்கக் கேட்டது. சித்திரை பிறக்கப் பாத்தா, அந்தக் கட்டையெல்லாம் துளிர்த்து, துளிருக்குத் துளிர் மொட்டு. வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஆச்சி கடகத்தில பூக் கொண்டு போனா. எல்லாம் அம்மாளின்ர வேலையாம்! ஆடு செய்த வேலை எண்டு கடைசிமட்டும் ஒத்துக்கொள்ளேல்ல, ஆனா அடுத்த வருசம் மாசி பிறக்க என்னட்ட ஆள் விட்டுக் கத்தரிக்கோல் கேட்டவ.

செவ்வரத்தையை அவ்வளவு ஒட்ட வெட்டத் தேவையில்லை, மூண்டில ஒரு பங்கு போதும். ரோசா வெட்டுறதை ரேடியோவில சொல்லி விளங்கப்படுத்தேலாது, தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கோ. போகன்விலாவுக்கு தயவுசெய்து நாளுக்கு நாள் தண்ணி ஊத்தாதேங்கோ, அது கொஞ்சம் காய்ஞ்சாத்தான் நிறம் காட்டும். கார்த்திகைப்பூக் கொடி இப்ப காய்ஞ்சு விழுந்திருக்கும், செத்துப்போச்செண்டு கிண்டி எறியாதேங்கோ, கிழங்கு உள்ளுக்கை உயிரோட கிடக்கு, அடுத்த மாரிக்கு வரும். ஆனா அது நஞ்சுக் கிழங்கு, சின்னப் பிள்ளையள் கையில எடுக்க விடாதேங்கோ.

இனி என்ர பழைய பல்லவி. கேட்டுச் சலிச்சவை மன்னிக்கோணும். பெரும்போக நெல்லு வெட்டி முடிய மெசின் விட்டுட்டுப் போற வைக்கோலை வயலுக்கையே கொளுத்துறம், முத்தத்துச் சருகையும் கூட்டிக் கொளுத்துறம், பிறகு பூங்கண்டு காயுதெண்டு கவலைப்படுறம். எங்கட செம்மண் காய்ஞ்சா அலவாங்கும் இறங்காது. ஈரம் இருக்கேக்க கண்டைச் சுத்தி ஒரு சாண் தடிப்பத்துக்கு வைக்கோலோ சருகோ பரப்பி விடுங்கோ. ஈரம் இருக்கேக்க, காய்ஞ்ச பிறகு இல்லை. தண்டோட முட்ட விடாதேங்கோ, கொஞ்சம் தள்ளியே போடுங்கோ, இல்லாட்டிக் கறையான் வைக்கோல்ல துவங்கிக் கண்டில முடிக்கும். முல்லைத்தீவுக் கரைப் பக்கத்து மணல் வளவுக்காரர் குழியில தேங்காய்ப் பொச்சு மட்டையைத் தாட்டு அதுக்கு மேல நடுங்கோ, மணல் தண்ணியைப் பிடிக்காது, மட்டை பிடிக்கும்.

கிணத்துத் தண்ணி சுண்ணாம்பு கூடின கல்லுத் தண்ணியெண்டா வெட்சி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். அது வருத்தம் இல்லை, இரும்புச்சத்து மண்ணில இருந்தும் கண்டுக்கு எடுக்கேலாமக் கிடக்கு. மழைத்தண்ணி பிடிச்சு வைச்சிருந்தா அதுக்கு ஊத்துங்கோ, கூட்டெருவும் போடுங்கோ...

கண்ணாடிக்கு அங்கால தம்பி கையைக் காட்டுறார், நேரம் முடியுதாம். பூச்சிக் கதைதான் கனக்க வைச்சிருந்தன். சுருக்கமாச் சொல்லுறன், வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிற வெண்மூட்டுப்பூச்சிக்குச் சவுக்காரத் தண்ணி. துளிர்ல கூட்டமா இருந்து சாறு உறிஞ்சுற அழுக்கணவனுக்கு வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடிச்சு ஒரு லீற்றர் தண்ணியில இரவு ஊற விட்டு, வடிச்சு, அடுத்த நாள் பின்னேரம் அடியுங்கோ, வெயிலுக்கை அடிச்சா வேலை செய்யாது. செவ்வரத்தை மொட்டுத் தின்னுற குரங்குக்கு என்னட்ட மருந்தில்லை, ஆரும் கண்டுபிடிச்சா நிலையத்துக்கு எழுதிப் போடுங்கோ. வாறன், வணக்கம்.