எட்டு வரி பேட்ச் திரும்பி வந்த கதை

வணக்கம் மக்களே. சத்தத்தைக் கண்டுகொள்ளாதீர்கள், தக்கலையில் நல்ல மழை, தலைக்கு மேலே தகர ஷீட்டு.

என் பழைய லேப்டாப் இது. மூடி வைத்துத் திறந்தால் டச்பேட் செத்துக் கிடக்கும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், கீபோர்டையும் டச்பேடையும் கவனிக்கிற ஐ8042 என்ற டிரைவர் உண்டு. அதில், இப்படி முரண்டு பிடிக்கிற மாடல்களுக்கென்றே ஒரு பட்டியல் உண்டு. அதில் இந்த மாடலையும் சேர்த்தேன், சரியாகிவிட்டது. மொத்தம் எட்டு வரி.

நான் ஓட்டுவது கெர்னலின் 6.6 பதிப்பு. அதனால் பேட்சை, அதாவது இந்தத் திருத்தத்தை, நேராக 6.6 ஸ்டேபிளுக்கே (வெளியான பதிப்புக்குப் பிழைத்திருத்தங்கள் போகிற கிளை) அனுப்பிவிட்டேன். பதில் வந்தது: அனுப்பும் முறை இதுவல்ல, விதிகளைப் படியுங்கள். முகம் சுண்டிப்போனது. படித்த பிறகுதான் தெரிந்தது, தப்பு என்மேல்தான்.

ஸ்டேபிளுக்குப் போகிற திருத்தம் முதலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் மூலக் கிளையான மெயின்லைனில் ஏறியிருக்க வேண்டும். பேச்சிப்பாறை அணையில் திறக்காமல் கடைமடைக்குத் தண்ணீர் வருமா? 6.6-இல் மட்டும் அடைத்துவிட்டு மெயின்லைனை அப்படியே விட்டால், நாளைக்குப் புதுப் பதிப்புக்கு மாறுகிறவருக்கு அதே டச்பேட் மறுபடியும் சாகும்.

இன்னொரு கூத்து. போகிற போக்கில் பக்கத்து விளக்கக் குறிப்பில் (கமென்டில்) இருந்த எழுத்துப்பிழையையும் அதே பேட்சில் திருத்தியிருந்தேன். அது ஸ்டேபிளுக்கு ஆகாது. ஆளைப் படுத்துகிற நிஜமான பிழையாக இருக்க வேண்டும். ஹேங் ஆவது, டேட்டா கெடுவது, பாதுகாப்பு ஓட்டை, இந்த மாதிரி. என்னுடையதைப் போன்ற வன்பொருள் கோளாறுக்கும் இடம் உண்டு. பேட்ச், சுற்றியுள்ள வரிகளையும் சேர்த்து 100 வரியைத் தாண்டக்கூடாது.

அப்புறம் எழுத்துப்பிழையைக் கழற்றிவிட்டு, இன்புட் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அனுப்பினேன். என் பெயரில் பொறுப்பேற்கிற சைன்ட்-ஆஃப் வரியோடு, ஸ்டேபிளுக்கும் நகல் போகட்டும் என்று ஒரு சிசி வரி, அவ்வளவுதான். மெயின்லைனில் ஏறியதும் ஸ்டேபிள்காரர்களே எடுத்துக்கொள்வார்கள், யாரையும் போய்க் கேட்க வேண்டாம். பழைய பதிப்பில் ஒட்டவில்லை என்றால் மட்டும் நமக்கு மெயில் வரும். அப்போது அதற்கேற்ப மாற்றி, மேலே அந்தத் திருத்தம் மெயின்லைனில் பதிவான எண்ணைப் (கமிட் எண்) போட்டு அனுப்ப வேண்டும். எனக்கு அந்த வேலை வரவில்லை, தப்பித்தேன்.

இப்போது ஸ்டேபிளைப் பார்த்துக்கொள்கிற கிரெக் க்ரோவா-ஹார்ட்மனின் ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) வந்திருக்கிறது, என் எட்டு வரியும் அதில் இருக்கிறது! கோளாறு இருந்தால் சொல்ல 48 மணி நேரம். அதைத்தான் கம்பைல் போட்டிருக்கிறேன். கரண்ட் போனால் இந்த பேட்டரி இருபது நிமிடம்கூடத் தாங்காது. இருங்கள், விளக்கு மினுங்குகிறது...