புது பிசினஸ் லேப்டாப்: சர்வீஸ் சென்டருக்கு ஓடுறதுக்கு முன்னாடி

(திரையில்: மேசை மேல் மூடி வைத்த கறுப்பு லேப்டாப், பக்கத்தில் மூணு பின் சார்ஜர்)

வணக்கம். எங்க தெருவுல டாலி கணக்கு எழுதித் தர்ற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. கடைங்களுக்கு ஜிஎஸ்டி ஃபைலிங்கும் பண்ணுவாங்க. பழைய லேப்டாப் கீபோர்டு போனதும், ஆடிட்டர் சார் பேச்சைக் கேட்டு ஒரு பிசினஸ் லேப்டாப் வாங்கினாங்க. வாங்கின மறுநாள் ராத்திரி போன். "தம்பி, இது ஷாக் அடிக்குது. கடைக்காரன் டேமேஜ் பீஸைத் தலையில கட்டிட்டான்."

அடுத்த ரெண்டு வாரத்துல இன்னும் நாலஞ்சு போன் வந்தது. ஒரு தடவைகூட லேப்டாப் மேல தப்பு இல்லை. இந்த மாதிரி மெஷினை, கம்ப்யூட்டரையெல்லாம் பார்த்துக்க ஐடி டிபார்ட்மென்ட்னு ஒண்ணு இருக்கிற ஆபீசை மனசுல வெச்சுதான் செய்றாங்க. அங்க ஒரு ஆள் செட் பண்ணி, சாவியை எடுத்து வெச்சுக்கிட்டு கையில கொடுப்பான். நாம தனியா வாங்கினா அந்த ஆள் நாமதான். அதைக் கடையில யாரும் சொல்றதில்லை.

முதல்ல ஷாக்.

(திரையில்: லேப்டாப் விளிம்பில் மணிக்கட்டு)

சார்ஜ் போட்டிருக்கும்போது மணிக்கட்டு விளிம்புல பட்டா எறும்பு ஊர்ற மாதிரி சுருசுருன்னு இருக்கும். வெறுங்காலோட மொசைக் தரையில உட்கார்ந்தா நல்லாத் தெரியும், செருப்பு போட்டா குறைஞ்சிடும். சார்ஜரைக் கழட்டினா சுத்தமா இருக்காது. டெஸ்டர் வெச்சுப் பார்த்தா லைட்டும் எரியும், அதோட பயம் ரெண்டு மடங்காகும்.

சார்ஜருக்குள்ள 230 வோல்ட் வர்ற பக்கம், லேப்டாப்புக்குப் போற பக்கம்னு ரெண்டு இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல, மின்சார இரைச்சலை அடக்குறதுக்கு ஒரு சின்ன கெபாசிட்டர் போடுவாங்க. அது வழியா ரொம்பக் கொஞ்சமா கரண்ட் கசியும். மூணாவது பின், அதாவது எர்த், ஒழுங்கா இருந்தா அந்தக் கசிவு மண்ணுக்குப் போயிடும். எர்த் இல்லைன்னா லேப்டாப் உடம்புலயே நிக்கும். பிளாஸ்டிக் உடம்பா இருந்தா நமக்குத் தெரியாது. பிசினஸ் லேப்டாப்ல பலதும் அலுமினியம், மெக்னீசியம்னு உலோகம், அதனால கையில தெரியுது. டச்பேடுல கர்சர் தானா துள்ளுறதுக்கும் பல வீடுகள்ல இதே காரணம்தான்.

அக்கா வீட்டுல பார்த்தா, மூணு பின் பிளக்கை ரெண்டு பின் கன்வெர்ட்டர்ல சொருகி, அதை ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகியிருந்தாங்க. கன்வெர்ட்டரைத் தூக்கிட்டு நேரா சுவர் பிளக்ல போட்டேன். அப்பவும் சுருசுரு. எலக்ட்ரீசியன் வந்து சுவிட்ச் பாக்ஸைத் திறந்தார். எர்த் ஒயரை வெட்டி, மடக்கி, உள்ளேயே விட்டிருக்காங்க. வீடு கட்டினதுல இருந்து அப்படியே இருந்திருக்கு! ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் அதே லைன். லேப்டாப் சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

ஒரு எச்சரிக்கை. சுருசுருப்பு வேற, உதறித் தள்ளுற ஷாக் வேற. கையை இழுத்துக்கிற அளவுக்கு அடிச்சாலோ, பொறி பறந்தாலோ, மெயின் சுவிட்சை அணைச்சிட்டு அந்த சார்ஜரைத் தொடாதீங்க. அது நிஜமாவே கோளாறு.

(திரையில்: தோள் பை, அதிலிருந்து வெளியே எடுக்கும் லேப்டாப்)

அடுத்தது, எனக்கே எரிச்சல் வர்ற விஷயம். ராத்திரி 90 சதவீதம் சார்ஜோட மூடி பைக்குள்ள வெச்சீங்க. காலையில எடுத்தா பை சூடா இருக்கு, சார்ஜ் 40. பேட்டரி டூப்ளிகேட்னு முடிவு கட்டிடாதீங்க.

பழைய லேப்டாப்ல ஸ்லீப்புன்னா நிஜத் தூக்கம். மெமரிக்கு மட்டும் கரண்ட் போகும், மத்ததெல்லாம் அணைஞ்சிடும். இப்போ வர்றதுல பெரும்பாலும் மாடர்ன் ஸ்டாண்ட்பை. உங்க போன் திரையை அணைச்சாலும் உள்ள முழிச்சுக்கிட்டு இருக்கே, அதே மாதிரி. திறந்த உடனே வேலை செய்யணும்னு கொண்டுவந்த ஏற்பாடு. ஆனா போனுக்குப் பொருந்துறது லேப்டாப்புக்கு அப்படியே பொருந்தாது. ஏதோ ஒரு டிரைவரோ அப்டேட்டோ அரைத் தூக்கத்துல எழுந்து வேலை பார்க்கும். பைக்குள்ள காத்து கிடையாது, சூடு போக வழி இல்லை.

(திரையில்: கறுப்பு கட்டளைச் சாளரம்)

உங்க மெஷின் எந்த வகைன்னு பார்க்க கமாண்ட் பிராம்ப்ட் திறங்க. நான் டைப் பண்றதை அப்படியே பண்ணுங்க: பவர் சி எஃப் ஜி, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ், ஏ (powercfg /a). வர்றதுல 'available'னு இருக்கிற முதல் பட்டியலை மட்டும் பாருங்க: எஸ் ஜீரோன்னு இருந்தா அரைத் தூக்கம், எஸ் த்ரீன்னு இருந்தா முழுத் தூக்கம். யார் எழுப்பினதுன்னு தெரியணும்னா, அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து, ஏ இருந்த இடத்துல ஸ்லீப்ஸ்டடின்னு சேர்த்து அடிங்க. கடைசி சில நாள் கதையை ஒரு ரிப்போர்ட்டா எழுதிக் கொடுக்கும்.

இதுக்கு நான் செய்யறது ஹைபர்னேட். கண்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினா ஹைபர்னேட்னு மாத்திடுங்க. மெமரியில இருக்கிறதை டிஸ்க்ல எழுதிட்டு மெஷின் முழுசா அணைஞ்சிடும். திறந்தா சில வினாடி கூடுதலாகும், அவ்வளவுதான். டாலி எங்க விட்டீங்களோ அங்கேயே நிக்கும். பையில லேப்டாப் எடுத்துட்டுப் போற யாரா இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

பேட்டரி பத்திப் பேசும்போது இன்னொண்ணு. "80க்கு மேல ஏறவே மாட்டேங்குது தம்பி." அது பழுது இல்லை, பாதுகாப்பு. லித்தியம் அயன் பேட்டரிக்கு முழு சார்ஜும் சூடும் சேர்ந்தா சீக்கிரம் வயசாகும். நாள் முழுக்க சார்ஜரோட மேசையில இருக்கிற மெஷினுக்கு 80ல நிறுத்துறதுதான் நல்லது. கம்பெனியோட ஆப்லயோ, பயாஸ்லயோ (விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற அடிப்படை புரோகிராம்) அந்த செட்டிங் இருக்கும். வெளியூர் போற அன்னிக்கு மட்டும் 100 ஆக்கிக்கோங்க.

சார்ஜர் ஸ்லோன்னு மெசேஜ் வருதா? ஒயரைப் பாருங்க. டைப்-சி ஒயர் எல்லாம் ஒரே வாய், ஆனா ஒரே வேலை செய்யாது. சாதாரண ஒயர் 3 ஆம்பியர்தான் தாங்கும். 20 வோல்ட்ல கணக்குப் போட்டா 60 வாட். சார்ஜர் 65 வாட்டா இருந்தாலும் அந்த ஒயர்ல 60தான் வரும். சிப் வெச்ச 5 ஆம்பியர் ஒயர் வேணும். போன் ஒயரை மாத்திச் சொருகிட்டு லேப்டாப்பைத் திட்டாதீங்க.

மானிட்டர் போட்டா மவுஸ் இழுத்து இழுத்து நகருதுன்னா, நடுவுல இருக்கிற ஹப், அதாவது ஒரு டைப்-சி வாயைப் பல வாயாக்குற பெட்டி, மலிவானதா இருக்கும். 4கே படத்தை வினாடிக்கு 30 தடவைதான் அனுப்புது. 60 தர்ற ஹப் கேட்டு வாங்குங்க. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை ஹப்புல சொருகாம நேரா லேப்டாப்லயே சொருகுங்க. அதோட டிரைவரைப் புது மெஷின்ல திரும்ப இன்ஸ்டால் பண்ணணும். ரிட்டர்ன் கடைசி தேதி அன்னிக்கு இதைக் கண்டுபிடிக்காதீங்க.

மீட்டிங்ல உங்க முகத்துக்குப் பதிலா வெறும் கறுப்புத் திரை தெரியுதா? கேமரா மேல சின்ன ஷட்டர் இருக்கும், விரலால தள்ளுங்க. இதுக்கு நான் ஒருத்தர் வீட்டுக்கே போயிருக்கேன். எஃப்5 அழுத்தினா வெளிச்சம் மாறுதா? பல மாடல்ல எஃப்என்னும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினா சரியாகிடும். திரை உறைஞ்சு போச்சா? விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நாலையும் ஒண்ணா அழுத்துங்க, டிஸ்பிளே டிரைவர் மட்டும் திரும்பத் தொடங்கும். முதல் ரெண்டு மூணு நாள் ஃபேன் இரையுறதைக் கண்டுக்காதீங்க. அப்டேட், ஃபைல்களை அட்டவணை போடுறதுன்னு உள்ள வேலை ஓடிக்கிட்டு இருக்கும்.

இப்போ உங்க டேட்டாவை மொத்தமா காவு வாங்கக்கூடிய ஒண்ணுக்கு வருவோம்.

(திரையில்: நீல நிறத் திரை, 48 இலக்கம் கேட்கும் கட்டம்)

ஒரு நாள் காலையில ஆன் பண்ணா விண்டோஸ் வராம, 48 இலக்க எண் கேட்டு ஒரு நீலத் திரை நிக்கும். வைரஸ் இல்லை. இது பிட்லாக்கர், விண்டோஸோட டிஸ்க் பூட்டு. புது லேப்டாப்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு உள்ள நுழையும்போதே டிஸ்க் பூட்டு பல நேரம் தானா விழுந்துடுது. சாவி டிபிஎம்ங்கிற சிப்ல இருக்கு. தினமும் அதுவே திறந்து விடுறதால பூட்டு இருக்கிறதே நமக்குத் தெரியாது. பயாஸ் அப்டேட் ஆனா, சில நேரம் அந்தச் சிப்புக்கு "இது என் பழைய வீடுதானா?"ன்னு சந்தேகம் வந்துடும். திறக்காது, உங்ககிட்ட சாவி கேட்கும். வாரண்டியில மதர்போர்டு மாத்தினாலும் இதேதான், சிப்பே பழைய போர்டோட போயிடும்.

அந்த எண் இல்லைன்னா சர்வீஸ் இன்ஜினியர் வந்தாலும் திறக்க முடியாது. அழிச்சிட்டு புதுசா விண்டோஸ் போடலாம், உள்ள இருந்த கணக்கெல்லாம் போச்சு. திருடன் கையில சிக்கினா இதே பிடிவாதம்தான் நம்மளைக் காப்பாத்தும், அதனால அணைச்சு வைக்கச் சொல்ல மாட்டேன். வாங்கின அன்னிக்கே உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் பக்கத்துல ரெகவரி கீ, அதாவது அந்த 48 இலக்க எண், இருக்கான்னு பாருங்க. கண்ட்ரோல் பேனல்ல பிட்லாக்கர் திறந்து ஒரு பிரிண்ட்டும் எடுங்க. பயாஸ் அப்டேட்டுக்கு முன்னாடி அதே இடத்துல சஸ்பெண்ட் கொடுத்து, பூட்டைத் தற்காலிகமா நிறுத்திடுங்க. ஆபீஸ் மெயில் போட்டு நுழைஞ்சிருந்தா சாவி ஆபீஸ் கணக்குல இருக்கும், வேலையை விட்டுப் போறதுக்கு முன்னாடி அதை யோசிங்க.

அக்காவுக்கு இதையெல்லாம் விளக்கி, பிரிண்ட் எடுத்துக் கையில கொடுத்தேன். அடுத்த வாரம் போனப்போ, "பத்திரமா வெச்சிருக்கேன் தம்பி"ன்னு லேப்டாப் பையோட முன் ஜிப்பைத் திறந்து காட்டினாங்க. அந்தத் தாள் இப்போ பீரோவுல, ரேஷன் கார்டு கூட இருக்கு.