நீல ஒளியில் சிவக்கும் புற்று

அவைத் தலைவர் அவர்களுக்கும், மாலை நேரத்தை ஒதுக்கி இங்கே வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு நாள் காலையில் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. மறுநாளே பழைய நிறத்துக்குத் திரும்பிவிடுகிறது. நம் வீடுகளில் இதற்குக் கைவசம் இருக்கும் விளக்கம் 'உடம்புச் சூடு' என்பதுதான். இளநீரும் நீர்மோரும் குடித்துவிட்டு, தெளிந்துவிட்டது என்று மறந்துவிடுகிறோம். நீர்க்கடுப்போடு இரத்தம் போனால் அலறிக்கொண்டு மருத்துவரிடம் வருகிறவர், வலியில்லாமல் போனால் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். ஆனால் சிறுநீர்ப்பைப் புற்று பெரும்பாலும் இப்படி வலியில்லாத இரத்தமாகத்தான் முதலில் தலைகாட்டுகிறது. அதைப் பொருட்படுத்தி வந்துவிட்ட ஒருவரின் சிறுநீர்ப்பைக்குள் மருத்துவரின் கண்ணுக்கு எது தெரிகிறது, எது தப்புகிறது, தப்புவதைப் பிடிக்க ஒளிரும் பொருள்கள் எப்படி உதவுகின்றன என்பதே இன்று என் பேச்சு.

சிறுநீர்ப்பைக்குள் எட்டிப் பார்க்கும் கருவியை மாக்ஸ் நிட்சே என்ற ஜெர்மானிய மருத்துவர் 1879இல் வியன்னாவில் செய்து காட்டினார். மின்சாரத்தில் கனன்ற பிளாட்டினக் கம்பிதான் அதற்கு விளக்கு. அந்தச் சூட்டைத் தணிக்கக் கருவிக்குள்ளேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. இன்று ஒளியிழையும் கேமராவும் வந்துவிட்டாலும், அடிப்படையில் நாம் செய்வது அதேதான்: வெள்ளை ஒளியைப் பாய்ச்சி உள்சுவரைப் பார்க்கிறோம். சுவரிலிருந்து கிளைவிட்டு வளரும் கட்டியை அந்த ஒளியில் தவறவிடுவது கடினம்; நீரடியில் அசையும் பாசியைப் போலத் திரையில் ஆடிக்கொண்டிருக்கும். சிக்கல் சுவரோடு சுவராகப் படர்ந்து, மேட்டையே எழுப்பாமல் இருக்கும் தட்டையான புற்றில்தான் இருக்கிறது. அது லேசான சிவப்புத் திட்டாகத் தெரியும். சில சமயம் அதுகூடத் தெரியாது. மேற்படலத்தைத் தாண்டாததால் அதைத் தொடக்க நிலை என்கிறோம். ஆயினும் சுபாவத்தில் அது முரட்டுப் புற்று. விட்டுவைத்தால் தசைக்குள் இறங்கும் வாய்ப்பு அதிகம். தசைக்குள் இறங்கிவிட்டால் சிறுநீர்ப்பையையே எடுத்துவிட வேண்டிய நிலைகூட வரலாம்.

சாயத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் பழைய பகை உண்டு. ஃபுக்சின் என்ற சாயத்தைத் தயாரித்த தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டிகள் வருவதை ஃபிராங்க்ஃபர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் 1895இல் அறிவித்தார். அந்தத் தொழிற்சாலைகளில் புழங்கிய அரோமாட்டிக் அமீன்கள் என்னும் வேதிப்பொருள்களின் உறவினர்கள் புகையிலைப் புகையிலும் இருக்கின்றன. இந்தப் புற்றுக்கு இன்று முதன்மைக் காரணம் புகைப்பழக்கமே. அதே உறுப்புக்குள் புற்றைக் காட்டிக்கொடுப்பதற்காக ஒரு நிறமியை நாம் வரவழைக்கிறோம். ஊற்றுகிறோம் என்று சொல்லாமல் வரவழைக்கிறோம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு.

நாம் உள்ளே செலுத்தும் மருந்துக்கு நிறமும் கிடையாது, ஒளிர்வும் கிடையாது. அமினோலெவுலினிக் அமிலம் என்று பெயர். நம் இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற மூலக்கூறை உடலின் செல்கள் பல படிகளில் தயாரிக்கின்றன. அந்த வரிசையின் தொடக்கத்தில் நிற்கும் பொருள் இது. அளவுக்கு மேல் ஹீம் சேர்ந்துவிடாதபடி செல் இதன் உற்பத்தியைக் கட்டுக்குள் வைத்திருக்கும். வெளியிலிருந்து நாம் கொடுக்கும்போது அந்தக் கட்டுப்பாடு பயனற்றுப்போக, அடுத்தடுத்த படிகள் மளமளவென்று நடக்கின்றன. கடைசிப் படிக்கு முன்னால் உருவாவது புரோட்டோபோர்ஃபிரின் என்ற நிறமி. நலமான செல் அதில் இரும்பைச் செருகி ஹீமாக்கிவிடும், ஹீம் ஒளிர்வதில்லை. புற்றுச் செல்லிலோ இரும்பைச் செருகும் வேலை பின்தங்கிவிடுவதால் நிறமி உள்ளேயே தேங்குகிறது. ஏறத்தாழ 375 முதல் 440 நானோமீட்டர் வரையுள்ள நீல ஒளி பட்டால், தேங்கிய அந்த நிறமி சிவப்பாக ஒளிர்கிறது. ஆக, சாயம் தயாரிப்பதும் புற்றுச் செல், அதை மறைக்க முடியாமல் அகப்பட்டுக்கொள்வதும் புற்றுச் செல்தான்.

1960களில் டெட்ராசைக்ளின் மருந்தைக் கொடுத்துப் புற ஊதா ஒளியில் பார்த்த முயற்சிகளும் உண்டு, அவை நிலைக்கவில்லை. அமினோலெவுலினிக் அமிலத்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பார்க்கும் முறையை 1990களில் மியூனிக் மருத்துவர்கள் வளர்த்தெடுத்தார்கள். செல்லின் கொழுப்புச் சவ்வை எளிதில் கடக்கும்படி அதனுடன் ஹெக்சைல் என்ற கார்பன் தொடரை வால் போல இணைத்த மருந்தை நார்வேயின் ஓஸ்லோவைச் சேர்ந்த போட்டோக்யூர் நிறுவனம் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் ஹெக்ஸ்விக்ஸ், அமெரிக்காவில் சிஸ்வியூ என்று அதற்குப் பெயர். அமெரிக்க அனுமதி 2010இல் கிடைத்தது. வளையும் கருவியுடன் புறநோயாளிப் பிரிவில் பயன்படுத்த 2018இல் அனுமதி விரிவாக்கப்பட்டது. ஜப்பானில் மூல அமிலத்தை வாய்வழியாகவே கொடுக்கிறார்கள்.

நடைமுறை எளிது. கத்தீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீரை வடித்துவிட்டு 50 மில்லிலிட்டர் மருந்தைச் செலுத்துகிறார்கள். நோயாளி அதை ஏறத்தாழ ஒரு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். பிறகு முதலில் வெள்ளை ஒளியில் சுற்றிப் பார்த்துவிட்டு, பொத்தானை அழுத்தி நீலத்துக்கு மாறுகிறோம். திரை முழுவதும் இரவு வானம் போல ஆகிவிடும். சற்று முன் வெறும் சுவராகத் தெரிந்த இடத்தில் மாதுளை முத்தின் நிறத்தில் ஒரு திட்டு கனன்றுகொண்டிருக்கும். தேங்கிய சிறுநீர் இந்த ஒளியில் பச்சையாக ஒளிர்ந்து கண்ணை மறைக்கும் என்பதால் அதை அடிக்கடி கழுவிவிட வேண்டும். இரத்தம் கசிந்தால் அது நீல ஒளியை விழுங்கிவிடும். அந்த இடம் இருண்டுபோகும். நெடுநேரம் ஒளியைப் பாய்ச்சினால் நிறமியே வெளிறிவிடும். எனவே ஆற அமர ரசித்துக்கொண்டிருக்கும் காட்சி அல்ல இது.

சிவந்ததெல்லாம் புற்றும் அல்ல. அழற்சி கண்ட சுவரும் சிவக்கும். குழந்தை பிறந்ததும் போடும் அதே பிசிஜியை இந்தப் புற்றுக்குச் சிகிச்சையாகச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துகிறோம். அதைச் செலுத்திய அண்மை வாரங்களில் பொய்ச் சிவப்பு ஏராளம். சுவரைச் சாய்ந்த கோணத்தில் பார்த்தாலும் அப்படியே. தீர்ப்பு எழுதுவது பயாப்சியை, அதாவது வெட்டி எடுத்த திசுவைப் பார்க்கும் நோய்க்குறியியலாளர். ஒளி எங்கே வெட்டி எடுக்க வேண்டும் என்று விரல் நீட்டுகிறது, அவ்வளவுதான். போர்ஃபிரியா என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு இந்த மருந்தைத் தரக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பொய்ச் சிவப்பைக் குறைக்க, புற்றுச் செல்லின் வேறு அடையாளங்களைக் குறிவைக்கும் ஒளிரும் பொருள்களையும் தேடுகிறார்கள். புற்றுச் செல்லின் மேற்பரப்பில் மிகுந்திருக்கும் சிடி47 என்ற புரதத்தோடு ஒட்டும் எதிர்ப்பொருளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2014இல் சோதித்தார்கள். கட்டியைச் சூழ்ந்துள்ள அமிலத்தன்மையை உணர்ந்து செல் சவ்வுக்குள் செருகிக்கொள்ளும் பெப்டைடை, அதாவது ஒரு சிறு புரதத் துண்டை, ரோட் ஐலண்டில் 2016இல் சோதித்தார்கள். இரண்டுமே அறுவையில் அகற்றப்பட்ட சிறுநீர்ப்பைகளில் நடந்த சோதனைகள்.

இனி, இதனால் நோயாளிக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு வருவோம். 2010இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், தட்டைப் புற்று இருந்தவர்களில் 32 சதவீதத்தினருக்கு அது நீல ஒளியில் மட்டுமே தெரிந்தது; ஒன்பது மாதங்களில் புற்று திரும்ப வந்தவர்கள் வெள்ளை ஒளிப் பிரிவில் 56 சதவீதம், நீல ஒளிப் பிரிவில் 47 சதவீதம். ஆனால் பிரிட்டனில் 22 மருத்துவமனைகளில் 538 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், மூன்றாண்டு முடிவில் புற்று திரும்ப வராமல் இருந்தவர்கள் நீல ஒளிப் பிரிவில் 57.8 சதவீதம், வெள்ளை ஒளிப் பிரிவில் 61.6 சதவீதம், பொருட்படுத்தத்தக்க ஆதாயம் எதுவும் தெரியவில்லை. நண்பர்கள் சிலர் இந்த இரண்டாவது ஆய்வைச் சொல்லாமலே மேடையை விட்டு இறங்கிவிடுவார்கள்; எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அதிகமாகப் பார்ப்பதும் நோயாளி நலமாக இருப்பதும் ஒன்றல்ல. என் மதிப்பீட்டில் இந்த ஒளியின் இடம், தட்டைப் புற்று இருக்குமோ என்ற வலுவான ஐயம் உள்ளவர்களிடமும், சிறுநீரில் புற்றுச் செல்கள் தென்பட்டும் வெள்ளை ஒளியில் எதுவும் அகப்படாதவர்களிடமும்தான் இருக்கிறது.

அங்கேயும் அது இரண்டு முறை வேலை செய்ய வேண்டும். திட்டைக் கண்டுபிடிக்க ஒரு முறை. கம்பி வளையத்தால் அதைச் சுரண்டி எடுத்து, இரத்தக் கசிவை நிறுத்தி, கழுவிய பிறகு மறுமுறை. வெட்டிய பள்ளத்தைச் சுற்றி நீலம் மட்டுமே தெரிந்தால் கருவியை வெளியே எடுக்கலாம். விளிம்பில் நகக்கீறல் அளவுக்குச் சிவப்பு மிஞ்சியிருந்தால் வளையத்தை மறுபடி அங்கே கொண்டுபோக வேண்டும்.